பாட்டி தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறார், மாத்திரையை மட்டும் தப்பாகப் போடுகிறார்

கேள்வி:

ஐயா, நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) பாதிப் பேர் தோட்டத்தை விட்டு வந்தவர்கள். இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), பிரஷர், கொலஸ்ட்ரால் என்று வீட்டுக்கு வீடு ஒரு மருந்துப் பை தொங்குகிறது. லேபிள் எல்லாம் மலாயில். வயதானவர்களுக்கு உதவட்டுமே என்று, மருந்துப் பெட்டிக்குள் வந்த ஆங்கில விளக்கத் தாளைத் தமிழில் மொழிபெயர்த்து, நான்கு பக்கத்தில் அச்சடித்துக் கோயில் மண்டபத்தில் கொடுத்தேன். எல்லாரும் பாராட்டினார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி அதைச் சாமி மேடையிலேயே பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். ஆனால் மாத்திரையை மட்டும் பழையபடி தப்பாகத்தான் போடுகிறார். என் தமிழ் கடினமாக இருக்கிறதா? இன்னும் எளிமையாக்கவா? பக்க விளைவுகளை எழுதினால் பயந்துபோய் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்று என் மகன் சொல்கிறான். எழுதலாமா, வேண்டாமா? நான் தயாரித்த தாளையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

வணக்கம் டீச்சர்.

நான்கு பக்கத்தையும் ஒன்றுவிடாமல் படித்தேன். உங்கள் தமிழில் ஒரு குறையும் இல்லை. இன்னும் எளிமையாக்குகிறேன் என்று அதிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். முதல் பக்கம் முழுக்க, சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபோர்மின் ஈரலில் என்ன வேலை செய்கிறது என்று போகிறது. பாட்டிக்கு வேண்டிய விஷயம் மூன்றாம் பக்கத்தின் நடுவில் வருகிறது, அதுவும் "மருத்துவர் கூறியபடி உட்கொள்ளவும்" என்று. மருத்துவர் என்ன கூறினார் என்பது மறந்துபோனதால்தானே அவர் தாளையே எடுக்கிறார்?

இதில் உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் எடுத்துக்கொண்ட மூலமே அப்படி. பெட்டிக்குள் மடித்து வைக்கப்படும் அந்தத் தாளில் பெரும்பகுதி டாக்டரையும் அதிகாரியையும் மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. எதையும் விட்டுவிட்டோம் என்று பிறகு யாரும் கேட்டுவிடக் கூடாதே என்ற கவலை அதில் வரிக்கு வரி தெரியும். அதை எவ்வளவு நல்ல தமிழில் கொண்டுவந்தாலும் அது பாட்டிக்கு எழுதியதாக ஆகாது.

அதனால் மொழிபெயர்ப்பைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். பாட்டி தப்பாகப் போடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், என்ன தப்பு என்று எழுதவில்லை. அங்கேயிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரு மாலை நேரம் அவர் வீட்டுக்குப் போய், மருந்துப் பையை மேசையில் கொட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, "இதை எப்பப் போடுவீங்க? எத்தனை போடுவீங்க? எதோட போடுவீங்க?" என்று கேளுங்கள். திருத்த வேண்டாம், கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இப்படி நாலைந்து வீட்டில் உட்கார்ந்தாலே உங்கள் தாளில் என்ன இருக்க வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும்.

எங்கள் மருந்துக் கவுண்டரில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டப் (பால் எடுக்கப்) போகும் ஒரு அம்மா. சர்க்கரைக்குக் கிளிக்லஸைட் மாத்திரை. லேபிளில் காலை, சாப்பாட்டுக்கு முன் என்று இருந்தது. அவர் விடியற்காலை ஐந்து மணிக்கு, தோட்டத்தில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பும் முன், சீனி போடாத கோப்பியோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு போய்விடுவார். பசியாறுவது மரத்தடியில், ஒன்பதரைக்கோ பத்துக்கோ. எட்டு மணி வாக்கில் கை நடுங்கும், உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டும். "மாத்திரை ரொம்ப சூடு தம்பி, அதான் பாதியா உடைச்சுப் போட்டுக்கறேன்" என்றார். சூடும் இல்லை ஒன்றும் இல்லை. வெறும் வயிற்றில் சர்க்கரை இறங்கிவிட்டது. கவனியுங்கள் டீச்சர், அந்த அம்மா எழுதியிருந்ததை அப்படியே செய்திருக்கிறார். காலைதான், சாப்பாட்டுக்கு முன்தான். எழுதியவர் மனத்தில் இருந்த காலை ஏழு மணிக் காலை. அவருடையது ஐந்து மணிக் காலை.

அந்த மருந்துக்கு நான் தாள் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்:

"பசியாற உட்காரும்போது போடுங்கள். போட்டு அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். கோப்பி மட்டும் குடித்தால் போதாது. சாப்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் மாத்திரையையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.

கை நடுக்கம், வேர்வை, திடீர்ப் பசி, தலைசுற்றல் வந்தால் சர்க்கரை இறங்கிவிட்டது. உடனே அரை கிளாஸ் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்துக் குடியுங்கள். கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை குடியுங்கள். சரியானதும் சாப்பிடுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 999-ஐ அழையுங்கள்."

இதில் ஈரலும் இல்லை, கணையமும் இல்லை. கை என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் இருக்கிறது. தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்குக் கணையத்தைப் பின்பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது எண்ணிக்கை. "இரண்டு மாத்திரை, நாளைக்கு இரண்டு வேளை" என்பதில் என்ன சிக்கல் இருக்க முடியும் என்று நமக்குத் தோன்றும். அமெரிக்காவில் 395 நோயாளிகளிடம் நடத்தி 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் இதே வாசகத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். படிப்பு குறைந்தவர்களில் 70.7 சதவீதம் பேர் வாசகத்தைச் சரியாகத் திருப்பிச் சொன்னார்கள். "சரி, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை, எடுத்துக் காட்டுங்கள்" என்றபோது 34.7 சதவீதம் பேர்தான் நான்கை எடுத்து வைத்தார்கள். பாதிப் பேர் வழியிலேயே விழுந்துவிட்டார்கள். "காலை 2, இரவு 2" என்று பிரித்து எழுதினால் மனக்கணக்குக்கே வேலை இல்லை. அதேபோல் அரை மாத்திரையை எழுத்தால் "அரை" என்றே எழுதுங்கள். ஒன்றின் கீழ் இரண்டு என்று பின்னமாகப் போட்டால், ஒன்றிலிருந்து இரண்டு வரை போடலாம் என்று படிப்பவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் தாளின் இரண்டாம் பக்கத்தில், பிரஷருக்குப் போடும் அம்லோடிபினை "வெள்ளை நிற வட்ட மாத்திரை" என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அதை இன்றே அடித்துவிடுங்கள். அரசாங்க கிளினிக்கில் டெண்டர் மாறினால் கம்பெனி மாறும், கம்பெனி மாறினால் நிறமும் வடிவமும் அட்டையும் மாறும். வீட்டில் பழைய வெள்ளை மாத்திரை மிச்சம் இருக்கும், கிளினிக்கில் புது மாதிரி ஒன்று கொடுத்திருப்பார்கள். வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் சேர்த்துப் போட்டு, தலைசுற்றலும் வீங்கிய காலுமாக வருகிறவர்கள் உண்டு. தனியார் கிளினிக்குக்கும் அரசாங்க கிளினிக்குக்கும் மாறி மாறிப் போகிறவர்களிடம் இது இன்னும் அதிகம். மருந்தின் பெயரை லேபிளில் உள்ள அதே ரோமன் எழுத்தில் பெரிதாக அச்சிட்டு, கீழே தமிழில் உச்சரிப்பைப் போடுங்கள். "பெயர் ஒன்றாக இருந்தால் மருந்து ஒன்றுதான், நிறம் வேறாக இருந்தாலும்" என்று ஒரு வரி. ரோமன் எழுத்து வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பல வீடுகளில் பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது பேரப்பிள்ளை. மலாய்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளையாக இருந்தால் உங்கள் தமிழ் அவனுக்குத் தெரியாது, பாட்டிக்கு லேபிள் தெரியாது. இரண்டு பேரும் ஒரே தாளில் விரல் வைத்துப் பேசிக்கொள்ள அந்தப் பெயராவது பொதுவாக இருக்கட்டும்.

சரி, மருந்து விவரங்களை எங்கிருந்து எடுப்பது? பெட்டித் தாளை விடுங்கள். நம் நாட்டில் என்.பி.ஆர்.ஏ. எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, ரிமூப் (RiMUP) என்ற பெயரில் பயனீட்டாளர்களுக்கான தாள்களை மலாயிலும் ஆங்கிலத்திலும் தன் இணையத்தளத்தில் வைத்திருக்கிறது. அந்தந்தக் கம்பெனி மருந்தின் பெயரைப் போட்டுத் தேடினால் கிடைக்கும். உண்மைத் தகவலுக்கு அதை நம்பலாம். ஆனால் அதையும் வரிக்கு வரி தமிழாக்கிவிடாதீர்கள். உதாரணத்துக்கு விரதம். முஸ்லிம்களின் நோன்பு மாதத்தில் மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்று கிளினிக்குகளில் நிறையவே சொல்லித் தருகிறார்கள். அது விடியலில் உண்டு, மாலையில் திறக்கும் நோன்புக்கான கணக்கு. நம்மவர்கள் வெள்ளிக்கிழமை மதியம் வரை பச்சைத் தண்ணீர், கந்த சஷ்டிக்கு ஆறு நாள் பாலும் பழமும், தைப்பூசத்துக்கு ஒருவேளைச் சாப்பாடு என்று இருப்பார்கள். அந்தக் கணக்கு இதற்குப் பொருந்தாது. கிளிக்லஸைட் போடுகிறவர் மதியம் வரை சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். "விரதம் இருக்கப் போகிறீர்களா? ஒரு வாரம் முன்பே மருந்துக் கவுண்டரில் சொல்லுங்கள், மாத்திரை நேரத்தை மாற்றித் தருவார்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்" என்று எழுதுங்கள். எந்த மூலத்தாளிலும் இந்த வரி உங்களுக்குக் கிடைக்காது. மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகளைத் தெரிந்த நீங்கள்தான் எழுத முடியும்.

இப்படி நம் ஆட்கள் உண்மையில் கேட்கும் கேள்விகள் இன்னும் உண்டு. "இத்தனை மாத்திரை போட்டா கிட்னி கெட்டுடாதா?" என்பதுதான் நான் அதிகம் கேட்டது. டாக்டர் முன்னால் வாய் திறக்க மாட்டார்கள், மருந்து வாங்கும்போது மெதுவாகக் கேட்பார்கள். அதற்குத் தாளில் நேரடியாகப் பதில் சொல்லுங்கள்: கிட்னியைக் கெடுப்பது கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் பிரஷரும். மெட்ஃபோர்மினால் கிட்னி கெடாது. கிட்னி ஏற்கெனவே பலவீனமாகிவிட்டால் மெட்ஃபோர்மினைக் குறைக்க வேண்டிவரும், சில சமயம் நிறுத்த வேண்டிவரும், அதற்காகத்தான் இரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். ஒன்றை மறைத்தால், என்றாவது டாக்டர் அளவைக் குறைக்கும்போது "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்று ஆகிவிடும். "என்ன பத்தியம்?" என்ற கேள்விக்கும் ஒரு வரி வையுங்கள். அப்புறம், வாங்கிச் சாப்பிடும் மூட்டுவலிச் சூரணம், உருண்டை இதையெல்லாம் கிளினிக்கில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பதிவு இல்லாத சில பாரம்பரிய மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. அது சர்க்கரையையும் பிரஷரையும் ஏற்றிவிடும். மூட்டு வலி உடனே பறந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்பதைத்தான்.

இப்போது உங்கள் மகனின் கவலை. பக்க விளைவுகளை எழுத வேண்டும் என்பதுதான் என் கட்சி. பிரஷருக்குப் பெரிண்டோப்ரில் போடும் ஒருவருக்கு இரவெல்லாம் வறட்டு இருமல். இருமல் வரலாம் என்று யாரும் சொல்லியிருக்காவிட்டால் அவர் இருமல் தண்ணீர் வாங்கிக் குடிப்பார், தீராது. பிறகு காரணத்தை யாராவது சொல்ல, அந்தக் கோபத்தில் பிரஷர் மாத்திரை அத்தனையையும் சேர்த்து நிறுத்துவார். முன்பே சொல்லியிருந்தால் "இருமல் வருது, மாத்திக் கொடுங்க" என்று வந்து நிற்பார். மாற்று மருந்து இருக்கிறது.

ஆனால் எழுதும் விதம் முக்கியம். நீங்கள் இருபத்தேழு பக்க விளைவுகளை வயிறு, தோல், நரம்பு என்று உறுப்பு வாரியாக அடுக்கியிருக்கிறீர்கள். படிப்பவருக்கு உறுப்பு எதற்கு? என்ன செய்வது என்ற வரிசைதான் வேண்டும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியவை முதலில், மேலே, கொட்டை எழுத்தில்: பெரிண்டோப்ரில் என்றால் உதடு, நாக்கு, முகம் வீங்குவது, மூச்சு விடச் சிரமப்படுவது. அதற்குக் கீழே, மருந்தை நிறுத்தாமல் கிளினிக்கில் போய்ச் சொல்ல வேண்டியவை: வறட்டு இருமல், அம்லோடிபின் என்றால் கணுக்கால் வீக்கம். கடைசியில், கொஞ்ச நாளில் தானே அடங்குபவை: மெட்ஃபோர்மின் தொடங்கிய புதிதில் வரும் வயிற்றுப்போக்கும் குமட்டலும், சாப்பாட்டோடு போட்டால் அவையும் குறையும். "அடிக்கடி ஏற்படும்", "அரிதாக ஏற்படும்" என்ற அளவுகளை அப்படியே தூக்கிப் போடாதீர்கள். ஐரோப்பிய விதிப்படி அடிக்கடி என்ற வகைக்கு நூறு பேரில் ஒருவர் முதல் பத்துப் பேர் வரை என்றுதான் பொருள். படிக்கும் சாதாரண ஆட்கள் அதைவிட வெகு அதிகமாக நினைத்துக்கொள்கிறார்கள் என்று பிரிட்டனில் செய்த ஆய்வுகள் காட்டின. "இந்த மாத்திரை போடும் நூறு பேரில் அதிகம் போனால் பத்துப் பேருக்கு இருமல் வரலாம், மற்றவர்களுக்கு வராது" என்று ஆள் கணக்கில் எழுதுங்கள். உங்கள் மகனின் பயத்துக்கும் அதுதான் மருந்து.

அச்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மருந்துக்கு ஒரு தாள், முடிந்தால் ஒரே பக்கம். எழுத்து பதினாறு புள்ளிக்குக் குறையாமல். இரண்டு பத்தியாகப் பிரிக்காதீர்கள், தமிழ்ச் சொற்கள் நீளம், குறுகிய பத்தியில் உடைந்துபோகும். பூக்கரை, பிள்ளையார் சுழி, நன்கொடையாளர் பெயர் எல்லாம் பின்பக்கத்துக்குப் போகட்டும்.

நான் நிறைய சொல்ல விரும்புவது இனிமேல் வருவதைத்தான். தாள் தயாரானதும் அச்சகத்துக்கு ஓடாதீர்கள். 1990-களில் ஆஸ்திரேலியாவில் டேவிட் ஸ்லெஸ் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். மருந்துத் தாள் நன்றாக இருக்கிறதா என்று நிபுணர்களைக் கேட்பதை விட்டுவிட்டு, சாதாரண ஆட்களிடம் கொடுத்து, ஒரு தகவலைத் தேடி எடுக்கச் சொல்லிப் பார்ப்பது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004-இல் திருத்திய சட்டத்துக்குப் பிறகு, அந்த மருந்தைப் பயன்படுத்தக்கூடிய ஆட்களிடம் கலந்து பார்க்காமல் பெட்டித் தாளை வெளியிட முடியாது. அங்கே வழக்கமாக முதலில் மூன்று பேர் முதல் ஆறு பேரிடம் வெள்ளோட்டம், பிறகு பத்துப் பேர், திருத்தி எழுதி மறுபடி வேறு பத்துப் பேர். பத்தில் ஒன்பது பேராவது தேடியதைக் கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்காவது அது சரியாகப் புரிந்திருக்க வேண்டும்.

உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். தொடக்கத்துக்கு மூன்று நான்கு பேர் போதும். உங்கள் உறவுக்காரர்களும் படித்தவர்களும் வேண்டாம். "புரியுதா பாட்டி?" என்று மட்டும் கேட்காதீர்கள். புரியுது என்றுதான் சொல்வார்கள், அதுவும் டீச்சர் கேட்டால் கேட்கவே வேண்டாம். ஒரு நிலைமையைச் சொல்லுங்கள். "நேற்று ராத்திரி மாத்திரை போட மறந்துட்டீங்க, இன்னிக்குக் காலையிலதான் ஞாபகம் வருது. என்ன செய்வீங்க? தாள்ல எங்க இருக்குன்னு காட்டுங்க." விரல் எங்கே போகிறது, எங்கே தடுமாறுகிறது, எந்த வரியை இரண்டாம் முறை படிக்கிறார் என்று பாருங்கள். பிறகு, "அதை உங்க வார்த்தையில சொல்லுங்க." கடைசியாக மாத்திரை அட்டையைக் கொடுத்து, "ஒரு நாளைக்கு உண்டானதை எடுத்து வைங்க." தடுமாறினால் உதவிக்குப் போகாதீர்கள், அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் அந்த வரியை மாற்றி எழுதியே ஆக வேண்டும், உங்களுக்கு அது எவ்வளவு பிடித்த வரியாக இருந்தாலும் சரி. ஆரம்பிக்கும்போதே சொல்லிவிடுங்கள்: இன்றைக்கு மார்க் போடுவது தாளுக்கு, உங்களுக்கு இல்லை. இல்லாவிட்டால் அறுபது வருஷத்துக்கு முந்தைய ஆறாம் வகுப்புப் பரீட்சைப் பயம் அவர்களுக்குத் திரும்பி வந்துவிடும்.

எழுத்தே தெரியாத பாட்டிகளுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். சூரியன், நிலா படம் போடலாம், ஆனால் படத்தையும் இதேபோல் சோதித்துப் பாருங்கள். வரைந்தவர் நினைத்ததைத்தான் பார்ப்பவரும் நினைப்பார் என்று சொல்ல முடியாது. அவர்களுக்குத் தாளைவிட, அதை வைத்து வீட்டில் யார் படித்துக் காட்டுவார் என்று கேட்டு, அந்த ஆளிடம் பேசுவதுதான் பயன்படும்.

இரண்டு எல்லைகளை மட்டும் தாண்டாதீர்கள். எத்தனை மாத்திரை, எந்த அளவு என்பதை நீங்கள் அச்சடிக்கக் கூடாது. அது ஆளுக்கு ஆள் மாறும். "காலை", "இரவு" என்று எழுதி அருகே கட்டம் விடுங்கள், மேலே சொன்ன "2", "அரை" எல்லாவற்றையும் கிளினிக் மருந்தாளர் பேனாவால் நிரப்பித் தேதி போடட்டும். அளவு மாறும்போது பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். தாளை வெளியிடும் முன் அதே மருந்தாளரிடம் ஒருமுறை காட்டி விவரங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகவே உதவுவார்கள், கூட்டம் இல்லாத பிற்பகலில் போங்கள்.

இரண்டாவது, சில மருந்துகளைத் தொடாதீர்கள்: இன்சுலின், இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் வார்ஃபரின், மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டும் போடும் மெத்தோட்ரெக்சேட். இவற்றில் ஒரு வரி பிசகினால் ஆபத்து. ஆளோடு உட்கார்ந்து பேசித்தான் சொல்லித்தர வேண்டும். பாட்டியின் பையைக் கொட்டும்போது இவற்றில் ஏதாவது கண்ணில் பட்டால், அவரையே பையோடு கிளினிக்குக்கு அழைத்துப் போய், அங்கே எம்டேக் என்ற மருந்து ஆலோசனைப் பிரிவு இருக்கிறதா, இல்லாவிட்டால் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று கேளுங்கள். முதல் தாளுக்கு மெட்ஃபோர்மினை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பேரிடம் சோதித்த பிறகு, அவர்கள் தடுமாறிய இடங்களைக் குறித்து எனக்கு அனுப்புங்கள், பார்த்து எழுதுகிறேன்.